பெர்னார்தீனோ அடிகளாரும் பன்னிரண்டு நூல்களும்

இத்தாலி நாட்டின் பிளாரன்ஸ் நகரில் மிகப் பழமையான நூலகம் ஒன்று உள்ளது. அங்கே மூன்று தொகுதிகளாகக் கட்டப்பட்ட ஒரு கையெழுத்து நூலைக் கண்ணைப்போல் காத்து வருகிறார்கள். ஏறத்தாழ 2,400 பக்கங்கள். ஏறத்தாழ 2,500 படங்கள். ஆனால் அது இத்தாலியர் எழுதியதன்று. அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், மெக்சிகோ நாட்டில், அந்நாட்டு மக்களின் நகுவாத்தல் மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் எழுதப்பட்டது. அதைத் தொகுத்துத் தந்தவர் பெர்னார்தீனோ தெ சாகூன் என்ற பிரான்சிஸ்கு சபைத் துறவி ஆவார்.

அடிகளார் 1499-ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் நாட்டின் சாகூன் என்னும் ஊரில் பிறந்தார். ஊர்ப்பெயரே அவர் பெயருடன் ஒட்டிக்கொண்டது. சாலமாங்கா பல்கலைக்கழகத்தில் பயின்று, துறவறம் பூண்டு, 1529-இல் கப்பலேறினார். கோர்த்தேஸ் என்ற தளபதி அஸ்டெக் மக்களின் தலைநகரைப் பிடித்து அப்போது எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. பெற்றோரைப் போரில் இழந்த பிள்ளைகளும், வென்றவர்களை அஞ்சி வாழ்ந்த முதியவர்களும் நிறைந்த நாட்டிற்கு அவர் வந்து சேர்ந்தார். திரும்பவும் தாய்நாட்டை அவர் பார்க்கவேயில்லை.

1536-ஆம் ஆண்டு மூன்று இராசாக்கள் திருநாளன்று தலத்தெலொல்கோ என்னும் இடத்தில் திருச்சிலுவைக் கல்லூரி திறக்கப்பட்டது. அந்நாட்டுப் பெருங்குடி மக்களின் மகன்கள் அதில் சேர்ந்தனர். (மகள்களுக்கு இடமில்லை. இதைப் படித்தபோது எனக்குச் சற்று வருத்தந்தான்.) அடிகளார் அவர்களுக்கு இலத்தீன் கற்பித்தார். இந்தப் பிள்ளைகளுக்கு இலத்தீன் வருமா என்று ஸ்பானியர் பலர் ஏளனம் செய்தனர். சில ஆண்டுகளிலேயே மாணவர்கள் அம்மொழியில் எழுதவும் பேசவும் வல்லவராகி, ஏளனம் செய்தவர்களை வாயடைக்கச் செய்தனர்.

1558-இல் சபைத் தலைவர் அடிகளாரிடம் ஒரு பணியை ஒப்படைத்தார். அம்மக்களின் பழைய தெய்வங்கள், சடங்குகள், பழக்கவழக்கங்கள் யாவற்றையும் அவர்கள் மொழியிலேயே எழுதித் தரவேண்டும். நோக்கம் என்ன? நோயை அறியாமல் மருந்து கொடுக்க முடியாது என்பதுபோல, பழைய வழிபாட்டை அறியாமல் அதை நீக்க முடியாது என்று அவர்கள் கருதினார்கள். இதை மறைக்கத் தேவையில்லை. அடிகளாரும் அப்படித்தான் எண்ணினார். ஆயினும், வேரோடு களையவேண்டும் என்று தொடங்கியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதையே அக்கறையுடன் கேட்டுக் கேட்டு எழுதினார் என்பதுதான் வியப்பு.

அவர் கையாண்ட முறை புதுமையானது. தெபெபுல்கோ என்னும் ஊருக்குச் சென்று, விவரமறிந்த முதியவர் பத்துப் பன்னிரண்டு பேரைத் தரும்படி ஊர்த்தலைவரைக் கேட்டார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவர்களுடன் அமர்ந்து வினாக்கள் தொடுத்தார். முதியவர்கள் தங்கள் வழக்கப்படி படங்களாக வரைந்து விடை கூறினர். அடிகளாரிடம் இலத்தீன் கற்ற மாணவர்கள் அப்படங்களுக்கு அடியில் விளக்கம் எழுதினர். பின்னர் தலத்தெலொல்கோவில் வேறு முதியவர்களை அமர்த்தி, அதே செய்திகளை மீண்டும் கேட்டுச் சரிபார்த்தார். அந்தோனியோ வலேரியானோ, அலோன்சோ வெகெரானோ, மார்த்தின் ஹக்கோபித்தா, பேத்ரோ தெ சான் புவனவெந்தூரா ஆகிய நால்வரும் அவருக்கு வலக்கையாக விளங்கினர். இவர்களில் வலேரியானோ பிற்காலத்தில் மெக்சிகோ நகரத்துப் பழங்குடி மக்களின் ஆளுநராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். குவாதலூப்பே அன்னையின் காட்சி வரலாற்றை நகுவாத்தல் மொழியில் எழுதியவரும் இவரே என்பது மரபு.

பன்னிரண்டு நூல்களில் இல்லாதது எது? தெய்வங்கள், திருவிழாக்கள், வானநூல், அரசர்கள், வணிகர், இறகு வேலை செய்வோர், பறவைகள், மூலிகைகள் என்று நீள்கிறது. சந்தைக் கடை விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. நாம் நாள்தோறும் குழம்பில் போடும் தக்காளி அந்நாட்டுச் செடிதானே! ஆங்கிலத்தில் அதற்கு வழங்கும் பெயரும் நகுவாத்தல் சொல்லிலிருந்து பிறந்ததே. தக்காளி விற்பவரில் நல்லவர் யார், தீயவர் யார் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். கொக்கோ விதைதான் அங்கே சில்லறைக் காசு. மாவையும் மெழுகையும் கொண்டு போலி விதை செய்து ஏமாற்றும் வியாபாரியையும் விடவில்லை. பன்னிரண்டாம் நூலோ ஸ்பானியப் படையெடுப்பைத் தோற்றவர்களின் வாய்மொழியாகவே கூறுகிறது.

இத்தகைய பணிக்கு வந்த சோதனைகள் கொஞ்சமல்ல. எழுத்தர்களுக்குக் கூலி கொடுப்பது சபையின் ஏழ்மை வார்த்தைப்பாட்டிற்கு முரணானது என்று 1570-இல் பெரியவர்கள் முடிவு செய்தனர். வேண்டுமானால் அடிகளாரே தம் கையால் எழுதட்டும் என்றனர். அவருக்கோ எழுபது வயதைக் கடந்து கை நடுங்கத் தொடங்கியிருந்தது. தாள்கள் மடங்கள்தோறும் சிதறிப்போயின. ஐந்து ஆண்டுகள் வேலை நின்றது. 1575-இல் வந்த ரொத்ரிகோ தெ செக்கெரா என்ற அதிகாரி ஆதரவு தந்ததால் மீண்டும் தொடங்கியது.

மறு ஆண்டே கொடிய கொள்ளைநோய் வந்தது. 1545-இல் வந்த நோயின்போது தலத்தெலொல்கோவில் மட்டும் பதினாயிரத்திற்கும் மேற்பட்டோரை அடக்கம் செய்தவர் அடிகளார். அதே துயரத்தை முதுமையில் மறுமுறையும் கண்டார். கல்லூரியிலும் வெளியிலும் மக்கள் மடிந்துகொண்டிருக்க, ஓவியர்களும் எழுத்தர்களும் வேலையை நிறுத்தவில்லை. கடைசி நூலின் படங்கள் பெரும்பாலும் வண்ணமின்றிக் கறுப்புக் கோடுகளாகவே நிற்கின்றன. அந்நாள்களில் வண்ணம் கிடைக்காமற் போனதே காரணம் என்று அறிஞர் கருதுகின்றனர்.

1577 ஏப்ரலில் ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் கட்டளை வந்தது. அடிகளாரின் நூல்களைப் பறித்து அனுப்பவேண்டும்; அம்மக்களின் பழைய நம்பிக்கைகளைப் பற்றி எவரும் எம்மொழியிலும் எழுத விடக்கூடாது. ஆனால் வேடிக்கை பாருங்கள்! அடுத்த மாதமே அதே மன்னரின் பெயரால் ஐம்பது வினாக்கள் கொண்ட தாள் ஒன்று அமெரிக்க அதிகாரிகளுக்கு அனுப்பப்பட்டது. ஆறு, மலை, துறைமுகம், விளைச்சல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பதினான்காவது வினாவில் பழைய வழிபாடுகளையும் சடங்குகளையும் விவரிக்கும்படி கேட்டிருந்தார்கள். அதே விவரத்தைத்தான் அடிகளார் வாழ்நாளெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்.

முழு நூலையும் செக்கெரா 1580-இல் ஐரோப்பாவுக்கு எடுத்துச் சென்றார். 1588-க்குள் அது பிளாரன்சின் மெதிசி பிரபுக்களிடம் சேர்ந்துவிட்டது. மெக்சிகோவில் இருந்த அடிகளார் தம்மிடம் எஞ்சிய குறிப்புகளைக்கொண்டு மேலும் எழுதியபடியே 1590-இல் காலமானார். அவர் உயிருடன் இருக்கையில் அச்சேறியது 1583-இல் வந்த நகுவாத்தல் பாடல் நூல் ஒன்றே. பன்னிரண்டு நூல்களின் ஸ்பானிய வாசகம் 1829-இல்தான் முதன்முதல் மெக்சிகோவில் அச்சாயிற்று. 2023 முதல் கையெழுத்துப் பக்கங்கள் முழுவதையும் விளக்கங்களுடன் கணினித் திரையிலேயே காணலாம். நகுவாத்தல் இன்றும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் பேச்சுமொழி. தங்கள் முன்னோர் சொன்னவற்றை அவர்கள் அந்த எழுத்திலேயே படிக்கிறார்கள்.