அணை கட்டிய அவசரக்காரர்

1910-ம் ஆண்டு, ஜூலை மாதம். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே இருந்த ஓர் அணை திடீரென்று உடைந்தது.

அது ஜாக்சன் ஏரி அணை. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய அணை. வயது நான்கு ஆண்டு கூட ஆகவில்லை.

அந்த ஏரியின் தண்ணீர் ஸ்நேக் ஆற்றில் இறங்கி, பக்கத்து மாநிலமான இடாகோவின் வயல்களுக்குப் போய்க் கொண்டிருந்தது. சர்க்கார் தண்ணீர் தரும் என்று நம்பி, புதர்க்காட்டைத் திருத்திக் குடியேறிய குடும்பங்களின் வயல்கள் அவை. அடுத்த வசந்த காலத்தில் மலைப்பனி உருகும், வெள்ளம் வரும். அதற்குள் புதிய அணை எழாவிட்டால், வந்த தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். பயிர் கருகும். குடும்பங்கள் நடுத்தெருவில் நிற்கும்.

குளிர் காலம் முடியட்டும் என்று காத்திருக்க நேரம் இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 6,700 அடி உயரத்தில், ஏரியே உறைந்து போகும் இடத்தில், பனிக்கு நடுவே கான்கிரீட் அணை எழுந்தாக வேண்டும்.

அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் 28 வயது என்ஜினீயர். அவர் பெயர் பிராங்க் குரோ. பிற்காலத்தில், அன்றைய உலகிலேயே மிக உயரமான அணையைக் கட்டி முடித்தவர் அவர்தான்.

மில்காரர் மகன்

குரோ 1882-ம் ஆண்டு அக்டோபர் 12-ந் தேதி கனடா நாட்டில், கியூபெக் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தை கம்பளி மில் நடத்தியவர். பிறகு குடும்பம் அமெரிக்காவுக்குக் குடியேறியது.

குரோ மெய்ன் பல்கலைக்கழகத்தில் என்ஜினீயரிங் படித்தார். ஒரு நாள் அங்கே பேச வந்தார், சர்க்கார் பாசன இலாகா என்ஜினீயர் பிராங்க் வேமவுத். மேற்கு அமெரிக்காவின் வறண்ட பூமியையும், அதைப் பசுமையாக்கப் போகும் அணைகளையும் பற்றி அவர் விவரித்தார். பேச்சு முடிந்ததும் குரோ அவரிடம் போய் வேலை கேட்டார். 1904-ம் ஆண்டு கோடை விடுமுறைக்கு வேலை கிடைத்தது.

அன்று பிடித்த அணைக்கட்டு மோகம் கடைசி வரை விடவில்லை. 1905-ல் பட்டம் பெற்றதும் அதே இலாகாவில் சேர்ந்தார். சுமார் இருபது ஆண்டுகள் அங்கே உழைத்தார்.

உறைந்தால் உதவாது

பனியில் கான்கிரீட் போடுவது அப்படி என்ன கஷ்டம்?

வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். தளம் போட்ட மறுநாளே அதில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். தூணில் ஈரச் சாக்கு சுற்றுவார்கள். கான்கிரீட் காய்ந்து கெட்டியாவதில்லை; தண்ணீரைக் குடித்துத்தான் கெட்டியாகிறது. சிமெண்டும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே ஒரு ரசாயன வேலை நடக்கிறது. அந்த வேலையில் சூடும் பிறக்கிறது.

வெயில் நாட்டில் தண்ணீர் ஊற்றினால் போதும். பனி நாட்டில் கதையே வேறு. குளிர் கூடக்கூட அந்த ரசாயன வேலை மந்தமாகிறது. தண்ணீர் உறைந்தால் கிட்டத்தட்ட நின்றே போகிறது. அது மட்டும் அல்ல. பனிக்கட்டியாகும் தண்ணீர் நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கிறது. பெருத்து, இளங்கான்கிரீட்டை உள்ளுக்குள்ளேயே பிளக்கிறது.

இதில் ஒரு பெரிய மோசடியும் உண்டு. உறைந்த கான்கிரீட் பார்ப்பதற்குக் கல் போல இருக்கும். தட்டினால் கணீர் என்று கேட்கும். வேலை முடிந்தது என்று நம்பிப் பலகையைப் பிரித்துவிடுவார்கள். வெயில் வந்து பனி உருகும்போதுதான் குட்டு வெளிப்படும். கல் என்று நினைத்தது பொடிப்பொடியாக உதிரும். அணையில் அப்படி நடந்தால், கீழே இருக்கும் ஊர்களின் கதி என்ன?

ஆகவே பனி நாட்டுக் கான்கிரீட்டைப் பிறந்த குழந்தை போலக் காப்பாற்ற வேண்டும். முதலில் கலவைத் தண்ணீரைச் சூடாக்குவார்கள். மணலையும் ஜல்லியையும் நீராவியால் சூடாக்குவார்கள். அவற்றில் ஒரு பனிக்கட்டி கூட ஒட்டியிருக்கக் கூடாது. பலகையிலும் கம்பியிலும் படிந்த பனியைத் துடைத்து எடுப்பார்கள். உறைந்த தரை மேல் கான்கிரீட் போட மாட்டார்கள்.

போட்ட பிறகும் வேலை ஓயாது. சுற்றிலும் படுதா கட்டிக் கூடாரம் போடுவார்கள். உள்ளே அடுப்பு எரியும்; அல்லது குழாயில் நீராவி ஓடும். மேலே வைக்கோல் பரப்புவார்கள். அடுப்புப் புகையை வெளியேற்றாவிட்டால் கான்கிரீட்டின் மேற்பரப்பு சுண்ணாம்புத் தூள் போல் ஆகிவிடும். எனவே புகைக்கு வழி விட வேண்டும். இராப் பகலாக ஆள் நின்று வெப்பமானியைப் பார்க்க வேண்டும். சதுர அங்குலத்துக்கு 500 பவுண்டு பாரம் தாங்கும் வலிமை வரும் வரை ஒரு தடவை கூட உறைய விடக் கூடாது. அந்த வலிமை வந்தால் முதல் கண்டம் தாண்டியது.

அதன் பிறகும் படுதாவைச் சட்டென்று பிரிக்கக் கூடாது. சூட்டிலிருந்து திடீரென்று குளிருக்கு வந்தால் மேற்பரப்பு வெடிக்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆறவிட வேண்டும்.

ஜாக்சன் ஏரிக்குப் பொருள்கள் மலைப்பாதையில் வண்டியில் வந்தாக வேண்டும். அப்படியும் 1911-ம் ஆண்டில் புதிய அணை தண்ணீரைத் தேக்கியது.

கம்பியில் போன கான்கிரீட்

அடுத்து, இடாகோவில் பாய்சி நகருக்கு அருகே ஆரோராக் அணை. சுமார் 350 அடி உயரம். 1915-ல் கட்டி முடித்தபோது உலகிலேயே உயரமான அணை அதுதான்.

கான்கிரீட் கலந்த பிறகு தாமதம் கூடாது. கலக்கும் இடத்திலிருந்து போடும் இடத்துக்கு அது விரைந்து போக வேண்டும். பள்ளத்தாக்கின் இரு கரைகளுக்கும் குறுக்கே கம்பி வடம் கட்டி, அதில் தொட்டிகளைத் தொங்கவிட்டுக் கான்கிரீட்டை அனுப்பும் முறையில் குரோ அங்கே கைதேர்ந்தார். பின்னால் அவர் கட்டிய பெரிய அணைகளுக்கெல்லாம் அதுவே கைகொடுத்தது.

ஆறடிக்கு மேல் உயரம். தலையில் அகலத் தொப்பி. எந்த நேரத்திலும் வேலைத்தலத்தில் நிற்பார். நாற்காலி வேலை அவருக்குப் பிடிக்காது. தொழிலாளர்கள் அவருக்கு அவசரக்காரக் குரோ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மனைவியும் இரண்டு பெண்களும் அணைக்கு அணை அவருடன் ஊர் மாறினார்கள்.

1920-களின் நடுவில், அணைகளைத் தானே கட்டும் வழக்கத்தைச் சர்க்கார் குறைத்தது. காண்டிராக்டர்களுக்கு வேலையை விட்டது. குரோ சர்க்கார் வேலையை உதறிவிட்டுக் காண்டிராக்டர்கள் பக்கம் போனார். அணை எங்கேயோ அங்கேதான் குரோ.

கொதிக்கும் பள்ளத்தாக்கு

கொலராடோ ஆற்றில் ஒரு மாபெரும் அணை கட்டச் சர்க்கார் முடிவு செய்தது. 1919-லேயே அதற்கு உத்தேசக் கணக்குப் போட்டவர்களில் குரோவும் ஒருவர். 1931-ல் ஆறு கம்பெனிகள் கூட்டாகச் சேர்ந்து டெண்டர் கொடுத்தன. தொகையைக் கணக்கிட்டவர் குரோ. 4 கோடியே 88 லட்சத்து 90 ஆயிரத்து 955 டாலர். சர்க்கார் என்ஜினீயர்கள் இரகசியமாகப் போட்டு வைத்திருந்த மதிப்புக்கும் இதற்கும் வித்தியாசம் சுமார் 24 ஆயிரம் டாலர்தான்!

வேலை அவர்களுக்கே கிடைத்தது. அதுதான் ஹூவர் அணை. உயரம் 726 அடி.

அப்போது அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தம். வேலை தேடி ஆயிரக்கணக்கானோர் பாலைவனத்துக்கு வந்தார்கள். பெண்டு பிள்ளைகளோடு ஆற்றங்கரையில் கந்தல் கூடாரங்களில் தங்கினார்கள். 1931-ம் ஆண்டு கோடையில் வெயில் 110 டிகிரியைத் தாண்டியது. வெயில் தாங்காமல் பலர் சுருண்டு விழுந்து இறந்தார்கள்.

ஆகஸ்டு மாதம் சுரங்கத் தொழிலாளர் சிலரின் கூலி குறைக்கப்பட்டது. வேலை நிறுத்தம் வெடித்தது. நல்ல குடிதண்ணீர் வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்றும் தொழிலாளர்கள் கேட்டார்கள். குரோ இணங்கவில்லை. வெளியே வேலைக்கு ஏங்கி நின்ற கூட்டம் பெரிது. வேலை நிறுத்தம் தோற்றது. குடியிருப்பும் தண்ணீர் வசதியும் பிறகுதான் சீரடைந்தன.

மலையைக் குடைந்து நான்கு சுரங்கங்கள் வெட்டி, ஆற்றைத் திருப்ப வேண்டும். 1933 அக்டோபர் 1-ந் தேதிக்குள் திருப்பாவிட்டால் ஒரு நாளைக்கு 3,000 டாலர் அபராதம். குரோ 1932 நவம்பரிலேயே ஆற்றைத் திருப்பிவிட்டார்.

நூறாண்டுச் சூடு

1933 ஜூன் 6-ந் தேதி முதல் தொட்டி கான்கிரீட் விழுந்தது. இங்கே குரோவுக்கு வந்த தொல்லை, ஜாக்சன் ஏரியில் வந்ததற்கு நேர் எதிரானது.

கான்கிரீட் கெட்டியாகும்போது சூடு பிறக்கும் அல்லவா? பனியில் அந்தச் சூடு உயிர் காக்கும் நண்பன். ஆனால், மலை போன்ற அணையின் வயிற்றுக்குள் அதே சூடு வெளியேற வழியின்றிச் சிக்கிக் கொள்ளும். ஒரே கட்டியாக அணையைப் போட்டிருந்தால், அது ஆறுவதற்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆறும்போது சுருங்கும். சுருங்கினால் வெடிக்கும்.

இதற்குச் சர்க்கார் என்ஜினீயர்கள் ஒரு வழி கண்டிருந்தார்கள். அணையைத் தனித்தனித் தூண்களாகப் பிரித்தார்கள். ஒரு தடவைக்கு ஐந்து அடி உயரம்தான் கான்கிரீட். ஒவ்வொரு அடுக்கிலும் ஓர் அங்குலக் குழாய்களைப் பதித்தார்கள். மொத்தம் 582 மைல் நீளம்! குழாய்களில் முதலில் ஆற்று நீரும், பிறகு ஐஸ் போலக் குளிர்ந்த நீரும் ஓடின. நாள் ஒன்றுக்கு 1,000 டன் ஐஸ் கட்டி செய்யும் அளவு சக்தி கொண்ட குளிர்சாதன ஆலை அங்கேயே நின்றது. தூண்கள் ஆறிச் சுருங்கியதும், இடைவெளிகளில் சிமெண்டுக் குழம்பைப் பீய்ச்சி, அணையை ஒரே பாறையாக்கினார்கள்.

இந்தத் திட்டத்தைச் செய்து காட்டியவர் குரோ. கம்பி வடங்களில் 8 கன கஜத் தொட்டிகள் இராப் பகலாக ஓடின. ரப்பர் பூட்ஸ் போட்ட ஆட்கள் கான்கிரீட்டை மிதித்துக் கெட்டிப்படுத்தினார்கள். 1934-ல் 5,000 பேருக்கு மேல் வேலை செய்தார்கள். அணைக்கு மட்டும் 32½ லட்சம் கன கஜம் கான்கிரீட் போயிற்று. 1935 மே மாதம் கான்கிரீட் வேலை முடிந்தது. 1935 செப்டம்பர் 30-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அணையைத் திறந்து வைத்தார். 1936 மார்ச் 1-ந் தேதி, கெடுவுக்கு இரண்டு ஆண்டு முன்பே, அணை சர்க்காரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. கட்டுமான வேலையில் இறந்தவர்கள் 96 பேர் என்று சர்க்கார் கணக்கு கூறுகிறது. வெயிலுக்கும் நோய்க்கும் பலியான பலர் அந்தக் கணக்கில் இல்லை. அணைக்குள் பிணங்கள் புதைந்திருப்பதாக ஒரு கதையும் உலவுகிறது. அது பொய். ஒரு தொட்டி கான்கிரீட் கொட்டினால் சில அங்குலம்தான் உயரும்; அதில் ஆள் முழுகிப் போக முடியாது.

கடைசி அணை

குரோ ஓய்ந்து உட்காரவில்லை. அதே ஆற்றில் பார்க்கர் அணையைக் கட்டினார். பிறகு கலிபோர்னியாவில் 602 அடி உயரமுள்ள சாஸ்தா அணையை எடுத்தார். அது 1945-ல் முடிந்தது.

மறு ஆண்டே, 1946 பிப்ரவரி 26-ந் தேதி, சாஸ்தாவுக்கு அருகே ரெடிங் என்னும் ஊரில் குரோ காலமானார். அப்போது அவருக்கு வயது 63.

குரோவின் அவசரத்தால் அணைகள் குறித்த நாளுக்கு முன்பே எழுந்தன. அதே அவசரத்தால் தொழிலாளர்கள் பட்ட பாடும் பெரிது. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் அந்த அவசரக்காரர் அவசரப்பட்டதில்லை. போட்ட கான்கிரீட்டுக்கு வேண்டிய நாளை அவர் கொடுத்தார். பனியில் போர்த்திக் காத்தார். வெயிலில் குளிர வைத்துக் காத்தார். வெளியே தெரியாத அந்தப் பொறுமைதான் அணைக்குள் வலிமையாக நிற்கிறது.