உடைந்து உடைந்து உருவான ஸ்கீ

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இது நம் ஊர்ப் பழமொழி.

அமெரிக்காவில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். பனிமலையில் சறுக்கி விளையாடப் போனார். விழுந்தார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார். குற்றம் தம் கால்களில் இல்லை, காலில் கட்டிய கட்டையில்தான் இருக்கிறது என்றார்.

யார் நம்புவார்கள்? ஆனாலும் அவர் சொன்னது உண்மை. கூடம் கோணலாகத்தான் இருந்தது!

சொன்னதோடு அவர் நிற்கவில்லை. கோணலை நிமிர்த்தியும் காட்டினார். அவர் பெயர் ஹோவர்டு ஹெட்.

மாவும் கட்டியும்

குளிர் நாடுகளில் மலைச் சரிவுகள் பனியால் மூடிக் கிடக்கும். அந்தப் பனியில் சறுக்குவது ஒரு விளையாட்டு. ஆள் உயரத்துக்கு நீளமான இரண்டு பட்டைகளைக் கால்களில் பூட்டிக் கொள்வார்கள். மலை உச்சியிலிருந்து சர்ரென்று கீழே வருவார்கள். அந்தப் பட்டைக்குத்தான் ஸ்கீ என்று பெயர்.

பனி என்றால் எல்லாம் ஒரே பனி அல்ல.

இரவில் புதிதாகப் பெய்த பனி, அரிசி மாவு போல இருக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை புதையும். அதில் சறுக்குவது மேகத்தில் மிதப்பது போன்ற சுகம்.

ஆனால் அந்தச் சுகம் காலையில் மட்டும்தான். நூற்றுக்கணக்கான பேர் சறுக்கிய பிறகு, மத்தியானத்தில் அதே சரிவு உழுத வயல் போல ஆகிவிடும். இங்கே ஒரு கட்டி இருக்கும். அங்கே ஒரு பள்ளம் இருக்கும்.

மாவில் மிதக்கும் ஸ்கீ, கட்டியில் மோதினால் தடுமாறும். கட்டியை உடைத்துக் கொண்டு போகும் ஸ்கீ, மாவில் புதையும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று இரண்டு ஜோடி வாங்க எல்லோராலும் முடியுமா? இரண்டுக்கும் உதவும் ஒரே ஜோடி வேண்டும். ஸ்கீ வாங்கப் போகிறவர்களின் ஆசை அன்றும் இதுதான். இன்றும் இதுதான்.

எழுத்தாளர் ஆகவில்லை

ஹோவர்டு ஹெட் 1914-ம் ஆண்டு அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் பிறந்தார். புகழ் பெற்ற ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்தார். எழுத்தாளர் ஆக வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆனால் எழுத்து அவருக்குக் கை கொடுக்கவில்லை. என்ஜினீயரிங் பக்கம் திரும்பினார். 1936-ல் பட்டம் பெற்றார்.

ஆசை விடவில்லை. பட்டம் பெற்ற பிறகும் எழுத்து வேலையைத் தேடிப் போனார். அது சரிப்படவில்லை. வேலை போனதுதான் மிச்சம்.

கடைசியில் 1939-ம் ஆண்டு பால்டிமோர் நகரத்துக்கு வந்தார். அங்கே கிளென் மார்ட்டின் விமானக் கம்பெனியில் ஆணி அடிக்கும் தொழிலாளியாகச் சேர்ந்தார். விமானத்தின் தகடுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து ஆணி அடிப்பதுதான் வேலை. ஹார்வர்டில் படித்தவருக்கு ஆணி அடிக்கும் வேலை!

அவர் அதைக் கேவலமாக நினைக்கவில்லை. வேலையைக் கற்றார். என்ஜினீயராக உயர்ந்தார். மெல்லிய தகடு எப்படிப் பாரம் தாங்குகிறது, எங்கே வளைகிறது, எங்கே முறிகிறது என்பதெல்லாம் அவருக்கு அங்கேதான் தெரிய வந்தது.

முதல் சறுக்கல்

உலகப் போர் முடிந்தது. 1947-ம் ஆண்டு. வெர்மான்ட் மாநிலத்தில் ஸ்டோ என்ற பனிமலை ஊருக்கு ஹெட் போனார். முதல் முறையாக ஸ்கீ பூட்டினார். அப்போது நடந்த கதையைத்தான் மேலே படித்தீர்கள்.

அந்தக் காலத்து ஸ்கீ மரத்தால் ஆனது. நீளமானது. கனமானது. பனி நீர் ஊறினால் கோணிக் கொள்ளும். இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று அதில் இருந்தது.

நல்ல ஸ்கீ வில் போல வளைய வேண்டும். அப்போதுதான் மேடு பள்ளத்துக்கு ஏற்ப இழைந்து போகும். ஆனால் ஈரத் துணியைப் பிழிவது போல அது முறுக்கிக் கொள்ளக் கூடாது. முறுக்கிக் கொண்டால் விளிம்பு பனியைப் பிடிக்காது. திரும்ப நினைத்த இடத்தில் திரும்பாது. ஆள் விழ வேண்டியதுதான்!

மரத்தில் இந்த இரண்டும் சேர்ந்து கிடைப்பது கஷ்டம். நன்றாக வளையும்படி மெல்லியதாகச் சீவினால், முறுக்கிக் கொள்ளும். முறுக்காதபடி தடிமனாக விட்டால், வளையாது. பழகியவர்கள் தங்கள் திறமையால் சமாளித்தார்கள். புதியவர்கள் விழுந்தார்கள்.

விமானத்தில் மரத்தை விட்டு உலோகத்துக்கு மாறி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஸ்கீ மட்டும் ஏன் இன்னும் மரத்தில் இருக்க வேண்டும்? ஊர் திரும்பும்போதே ஹெட்டின் மனதில் இந்தக் கேள்வி எழுந்துவிட்டது.

ஆறும் உடைந்தன

பால்டிமோரில் ஒரு மூலையில் சிறிய பட்டறை போட்டார். மேலே ஒரு அலுமினியத் தகடு. கீழே ஒரு அலுமினியத் தகடு. நடுவில் தேன்கூடு போன்ற பிளாஸ்டிக். இதுதான் அவர் போட்ட திட்டம்.

தகடுகளை ஒட்டுவதற்குச் சூடு வேண்டும். அழுத்தமும் வேண்டும். பெரிய எந்திரம் வாங்கப் பணம் ஏது? ஸ்கீயை ஒரு ரப்பர் பைக்குள் வைத்தார். பழைய ஐஸ் பெட்டியின் எந்திரத்தைக் கொண்டு பைக்குள் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். மோட்டாரில் வடித்த கழிவு எண்ணெயைத் தொட்டியில் ஊற்றிக் காய்ச்சினார். அதற்குள் பையை அமுக்கினார். பிரமாதமாக ஒட்டிக் கொண்டது!

இப்படி ஆறு ஜோடி செய்தார். 1947-ம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவற்றை ஸ்டோ மலைக்கு எடுத்துச் சென்றார். அங்கே இருந்த சறுக்கு ஆசிரியர்களிடம் கொடுத்தார்.

ஒன்று உடைந்தது. இன்னொன்று உடைந்தது. ஆறு ஜோடியும் உடைந்தன!

வேறு ஒருவராக இருந்தால் அத்துடன் விட்டிருப்பார். கையில் நல்ல வேலை இருக்கிறது, மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறது என்று பேசாமல் இருந்திருப்பார்.

ஹெட் என்ன செய்தார் தெரியுமா? 1948 புத்தாண்டுக்கு மறுநாள் விமானக் கம்பெனி வேலையை ராஜினாமா செய்தார்!

படுக்கைக்கு அடியில் 6,000 டாலர்

அவரிடம் 6,000 டாலர் இருந்தது. சீட்டாட்டத்தில் ஜெயித்த பணம். படுக்கைக்கு அடியில் வைத்திருந்தார். அதுதான் முதலீடு.

சீட்டாட்டத்தில் வந்த பணம் தங்காது என்பார்கள். இந்தப் பணமும் தங்கவில்லை. பட்டறையில் கரைந்தது.

வாரம் ஒரு ஸ்கீ செய்வார். மலைக்கு அனுப்புவார். உடைந்து திரும்பி வரும். உடைந்ததை அவர் தூக்கி எறிவதில்லை. எங்கே உடைந்தது, ஏன் உடைந்தது என்று பார்ப்பார். அந்த இடத்தைப் பலப்படுத்தி அடுத்ததைச் செய்வார்.

பிளாஸ்டிக் தேன்கூடு தாங்கவில்லை. அதை எடுத்துவிட்டு ஒட்டுப்பலகையை வைத்தார். மரத்தை வேண்டாம் என்றவர், மரத்தையே நடுவில் வைத்தார்! வீம்பு பார்க்கவில்லை.

அலுமினிய விளிம்பு சீக்கிரம் மழுங்கியது. எஃகு விளிம்பு வைத்தார்.

அலுமினிய அடிப்பாகத்தில் பனி ஒட்டிக் கொண்டது. அடியில் வழுவழுப்பான பிளாஸ்டிக் ஒட்டினார்.

இப்படி மூன்று குளிர்காலம் போயிற்று. சுமார் நாற்பது விதமாகச் செய்து பார்த்துவிட்டார்.

1950-ம் ஆண்டு. நியூஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வாஷிங்டன் மலை. அங்கே டக்கர்மன் என்ற செங்குத்தான பள்ளத்தாக்கு இருக்கிறது. கெட்டிக்கார ஆசிரியர் ஒருவர் புதிய ஸ்கீயைப் பூட்டிக் கொண்டு கீழே வந்தார். இடது பக்கம் திரும்பினார். வலது பக்கம் திரும்பினார். ஹெட் நின்ற இடத்துக்கு வந்து நின்றார்.

ஸ்கீ உடையவில்லை! பிரமாதம் என்றார் ஆசிரியர்.

ஏமாற்று ஸ்கீ!

கறுப்பு நிறத்தில் 'ஹெட் ஸ்டாண்டர்டு' கடைக்கு வந்தது. விலை 85 டாலர். மர ஸ்கீயைவிட மிக அதிக விலை. முதல் பருவத்தில் சுமார் 300 ஜோடிதான் விற்றது.

வாங்கியவர்கள் அதிசயப்பட்டார்கள். புதுப்பனியில் முனை தானாக மேலே எழும்பி மிதந்தது. கட்டியும் பள்ளமுமான பனியில் முறுக்கிக் கொள்ளாமல் கட்டியைத் தள்ளிக் கொண்டு போனது. நேற்றுவரை விழுந்து கொண்டிருந்தவர்கள் இன்று ஒழுங்காகத் திரும்பினார்கள்.

பழைய ஆட்டக்காரர்கள் இதற்கு 'ஏமாற்று ஸ்கீ' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். பல ஆண்டு உழைத்துக் கற்ற வித்தையைப் புதியவர்கள் பணம் கொடுத்து வாங்குகிறார்களே என்ற வயிற்றெரிச்சல்! ஆனால் அந்தப் பெயரே விளம்பரம் ஆகிவிட்டது. 1960-க்குப் பிறகு அமெரிக்காவில் நல்ல ஸ்கீ என்றால் ஹெட் ஸ்கீ என்ற நிலை ஏற்பட்டது.

குறையே இல்லையா? இருந்தது. கண்ணாடி போல உறைந்த கெட்டிப் பனியில் வேகமாகப் போனால் உலோகம் படபடவென்று அதிர்ந்தது. பந்தயக்காரர்கள் முகம் சுளித்தார்கள். உள்ளே மெல்லிய ரப்பரை வைத்து அந்த அதிர்ச்சியை ஹெட் அடக்கினார்.

அவரும் சறுக்கினார்

மரத்தை நம்பி மற்றவர்கள் ஏமாந்தார்கள். உலோகத்தை நம்பி ஹெட் ஏமாந்தார்!

கண்ணாடி இழையைக் கொண்டு ஸ்கீ செய்யும் முறை வந்தது. மற்ற கம்பெனிகள் அதற்கு மாறின. ஹெட்டுக்கு உலோகத்தின் மேல் இருந்த பிடிப்பு விடவில்லை. மாறுவதற்குத் தாமதம் ஆயிற்று. விற்பனை சரிந்தது. 1969-ம் ஆண்டு கம்பெனியை விற்றுவிட்டார்.

உடைந்த ஸ்கீ சொன்ன பாடத்தைக் கேட்டவர், சந்தை சொன்ன பாடத்தை நேரத்தில் கேட்கவில்லை.

மீண்டும் கூடம் கோணல்

ஓய்வு பெற்றவர் டென்னிஸ் ஆடப் போனார். அதிலும் அவர் சுமார்தான்! பந்து மட்டையின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால், மட்டை கையில் முறுக்கிக் கொண்டது.

முறுக்கு! அதே பழைய எதிரி!

மட்டையின் அளவு இவ்வளவுதான் இருக்க வேண்டும் என்று டென்னிஸ் விதியில் அப்போது எதுவும் இல்லை. அதை ஹெட் கண்டுகொண்டார். மட்டையின் முகத்தை அகலமாக்கினார். அகலமான மட்டை எளிதில் முறுக்கிக் கொள்ளவில்லை. 1976-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிரின்ஸ் என்ற கம்பெனி மூலம் அது வெளிவந்தது. எல்லோரும் கேலி செய்தார்கள். 1978-ம் ஆண்டு பாம் ஷ்ரைவர் என்ற 16 வயதுப் பெண் அந்த மட்டையுடன் அமெரிக்க ஓப்பன் பந்தயத்தின் இறுதி ஆட்டம் வரை வந்தாள். கேலி நின்றது. இன்று ஆடுகிறவர்கள் கையில் இருப்பது எல்லாம் அன்றைய மர மட்டையைவிட அகலமான மட்டைதான்.

ஹோவர்டு ஹெட் 1991-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி காலமானார். அப்போது அவருக்கு வயது 76.

இன்றும் உள்ளே இருக்கிறார்

அவருக்குப் பிறகு ஸ்கீ இன்னும் மாறியது. மாவுப் பனியில் மிதப்பதற்காக அகலமான ஸ்கீ வந்தது. முனையை வெகு தூரத்திலிருந்தே மேல்நோக்கி வளைத்தார்கள்.

மாவுக்கும் கட்டிக்கும் பொதுவாக ஒரே ஜோடி வேண்டும் என்று இன்று ஒருவர் கடைக்குப் போனால், கடைக்காரர் மூன்றைப் பார்க்கச் சொல்வார். ஒன்று, பாதத்துக்கு அடியில் அகலம். 100 முதல் 110 மில்லிமீட்டர் வரை இருந்தால் இரண்டுக்கும் நடுத்தரம். அதற்கு மேல் போனால் மிதப்பு கூடும். கெட்டிப் பனியில் திருப்புவது கஷ்டம். இரண்டு, கனம். மிகவும் லேசாக இருந்தால் பனிக்கட்டிகள் பந்தாடிவிடும். மூன்று, உள்ளே இருக்கும் தகடு. நடுவில் மரம், மேலும் கீழும் அலுமினியக் கலவைத் தகடு வைத்த ஸ்கீ, கட்டிப் பனியில் அதிராமல் போகும்.

நடுவில் மரம், மேலும் கீழும் தகடு! ரப்பர் பையில் வைத்து, கழிவு எண்ணெயில் காய்ச்சி, உடைந்து உடைந்து ஹெட் கண்ட அதே முறை!

ஸ்கீயை வாங்குகிறவர் அதன் முனையைப் பிடித்துக் கொண்டு நடுவில் அழுத்திப் பார்ப்பார். வில் போல வளைகிறதா என்று பார்ப்பார். பிறகு இரண்டு கையாலும் முறுக்கிப் பார்ப்பார்.

முறுக்காது!