கணிப்பொறிக்கு வழி எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார்

ஒரு கருவியைப் படைப்பது அரிய செயல். அக்கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதனை எவ்வாறு இயக்க வேண்டும் என்பவற்றை ஐயத்திற்கு இடமின்றி எழுதி வைப்பதும் அதற்கு இணையான அரிய செயலேயாகும். இந்த இரண்டாவது பணியால் உலகப் புகழ் பெற்றவர் அடா லவ்லேஸ் அம்மையார்.

இவர் 1815ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் பைரன் பிரபு ஆங்கிலப் பெருங்கவிஞர். தாயார் கணிதத்தில் ஈடுபாடு மிக்கவர். குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே பெற்றோர் பிரிந்தனர். தந்தையார் 1816இல் நாட்டை விட்டு அகன்றார். 1824இல் கிரேக்க நாட்டில் மறைந்தார். மகள் தந்தையின் முகம் அறியாமலே வளர்ந்தார்.

தாயார் நல்லாசிரியர்களை அமர்த்தி மகளுக்குக் கணிதமும் அறிவியலும் கற்பித்தார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதற்கேற்ப, அடா தமது 12ஆம் அகவையில் பறவைகளின் சிறகுகளை ஆராய்ந்து, பறக்கும் பொறி ஒன்றைச் செய்யத் திட்டமிட்டார். 1829ஆம் ஆண்டில் அவருக்குத் தட்டம்மை கண்டது. கால்கள் செயலிழந்தன. நெடுநாள் படுக்கையில் கிடந்து, பின்னர் ஊன்றுகோலின் துணையால் நடந்தார். அத்துன்பத்திலும் அவர் கல்வியைக் கைவிடவில்லை.

1833ஆம் ஆண்டில், 17ஆம் அகவையில், கணித அறிஞர் சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். பாபேஜ் உருவாக்கி வந்த கணக்கிடும் பொறியின் ஒரு பகுதியைக் கண்டு வியந்து, அது இயங்கும் முறையை ஆர்வத்துடன் கற்றார். 1835இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மூன்று குழந்தைகளுக்குத் தாயான பின்னும் அவருடைய அறிவு வேட்கை தணியவில்லை. பெண்கள் பல்கலைக்கழகத்தில் பயில இயலாத காலம் அது. ஆகவே, 1840 முதல் அகஸ்டஸ் டி மார்கன் என்னும் பேராசிரியரிடம் மடல் வழியாக உயர் கணிதம் கற்றார். அப்பேராசிரியர் 1806ஆம் ஆண்டில் நம் தமிழ் மதுரையில் பிறந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

இதற்கிடையில் பாபேஜ், பகுப்பாய்வுப் பொறி என்னும் மேலும் பெரிய பொறியைத் திட்டமிட்டார். பட்டு நெய்யும் ஜக்கார்ட் தறி, துளையிட்ட அட்டைகளின்படி பூ வேலைப்பாடுகளை நெய்யும். அது போலவே, இப்பொறியும் துளையிட்ட அட்டைகளின் கட்டளைப்படி கணக்கிடும். ஆயினும், அதன் இயல்பை யாவரும் அறியுமாறு விளக்கிப் பாபேஜ் நூல் எழுதவில்லை. அவர் 1840இல் இத்தாலியில் ஆற்றிய உரையைக் கேட்ட மெனபிரேயா என்னும் பொறியியலாளர், 1842இல் பிரெஞ்சு மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதனை அம்மையார் ஆங்கிலத்தில் பெயர்த்தார். பாபேஜின் விருப்பப்படி, தம் சொந்த விளக்கக் குறிப்புகள் ஏழினையும் அதனுடன் சேர்த்தார். 1843இல் அது வெளிவந்தபோது, குறிப்புகள் கட்டுரையைப் போல ஏறத்தாழ மும்மடங்கு நீளம் கொண்டிருந்தன!

ஏழாம் குறிப்பே மிகச் சிறந்தது. பெர்னூலி எண்கள் எனப்படும் கடினமான எண்களைப் பொறி எவ்வாறு கணக்கிட வேண்டும் என்பதை, 25 செயல்கள் கொண்ட ஓர் அட்டவணையாக அவர் வகுத்தார். இது எத்தனையாவது செயல்? கூட்டலா, கழித்தலா, பெருக்கலா, வகுத்தலா? எந்தெந்த இடத்திலுள்ள எண்களை எடுக்க வேண்டும்? விடையை எங்கே வைக்க வேண்டும்? அதனால் எந்த இடத்தின் மதிப்பு மாறும்? ஒவ்வொரு வரியும் இவ்வினாக்களுக்கு விடை கூறியது. பொறியின் ஆற்றலை மட்டுமன்றி அதன் எல்லையையும் அவர் எழுதினார். எண்களையன்றி இசையையும் அது ஒரு நாள் கையாளக்கூடும். ஆயினும் தானாக எதனையும் தோற்றுவிக்காது. நாம் கட்டளையிட வல்லதையே செய்யும் என விளக்கினார்.

அச்சான அந்த அட்டவணையில் ஒரு பிழையும் உண்டு. 4ஆம் செயலில் வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறிவிட்டன. கற்றறிந்த ஒருவர் படித்தால் அதனை உணர்ந்து திருத்திக்கொள்வார். பொறியோ எழுதியபடியே செய்து தவறான விடையைத் தரும். பொறிக்காக எழுதுவோர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும் என்பதற்கு இஃது ஒரு சான்றன்றோ?

அம்மையார் புற்றுநோயால் வருந்தி, 1852ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 27ஆம் நாள், 36ஆம் அகவையில் இயற்கை எய்தினார். காணாத தந்தையின் அருகிலேயே அடக்கம் செய்யப்பெற்றார். பகுப்பாய்வுப் பொறி முழுமையாகக் கட்டப்படவே இல்லை. பொறி இல்லாதபோதும் அவர் எழுத்து நிலைத்தது. 1950ஆம் ஆண்டில் ஆலன் டூரிங் என்னும் அறிஞர், பொறிகளால் சிந்திக்க இயலுமா என ஆராய்ந்தபோது, அம்மையாரின் கருத்தை எடுத்து விவாதித்தார். பின்னர் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக உருவான கணிப்பொறி மொழி ஒன்றுக்கு அடா என்றே பெயர் சூட்டப்பெற்றது.

இன்று, நாம் இட்ட பணியைத் தாமே பல படிகளாகச் செய்யும் செயற்கை நுண்ணறிவு நிரல்கள் தோன்றியுள்ளன. அவை வேறு மென்பொருள் கருவிகளைப் பயன்படுத்தும் முன், அவற்றுக்கு எழுதப்பட்டுள்ள விளக்கத்தைப் படிக்கின்றன. கருவி என்ன செய்யும், எதனைக் கொடுக்க வேண்டும், எது கிடைக்கும், எது மாறும், எதனைச் செய்ய இயலாது என அவ்விளக்கம் தெளிவாகக் கூற வேண்டும். தெளிவின்றி இருப்பின், நிரல் தவறாக ஊகித்து, காக்க வேண்டிய கோப்பை அழித்துவிடவும் கூடும். 1843இல் அம்மையாரின் அட்டவணை விடை கூறிய வினாக்களே இன்றும் கேட்கப்படுகின்றன!

மாணவ மணிகளே! அறிவியல் சோதனையின் செய்முறையை எழுதும்பொழுது, அதனை முன்பின் கண்டிராத ஒருவர் படித்துச் செய்வார் என எண்ணி எழுதுங்கள். எழுதியதை மீண்டும் ஒரு முறை சரிபாருங்கள். நோயிலும் கல்வியைக் கைவிடாது, கண்ணால் காணாத பொறிக்கும் வழி எழுதி வைத்த அடா அம்மையாரைப் போல், நாமும் தெளிவாகச் சிந்தித்துத் தெளிவாக எழுதப் பழகுவோமாக!