ஃபிடிலைப் பாட வைத்த தஞ்சாவூர் வடிவேலு

வடிவேலு என்ற பேரைப் பார்த்ததும் சினிமா வடிவேலு என்று சிரித்துக்கொண்டே வந்து நிற்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவர் வேற வடிவேலு. இருநூறு வருஷத்துக்கு முந்தைய நம்ம தஞ்சாவூர்க்காரர். வந்தது வந்துட்டீங்க, நின்னு படிச்சுட்டுப் போங்க.

இவரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதே ஒரு வாய்ச் சவடாலால்தான். ஆண்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பாட்டுக் குழுவின் கீபோர்டு மக்கர் பண்ணிவிட்டது. நடுவில் நாலு கட்டையை அமுக்கினால் சத்தமே வரவில்லை. எங்க அண்ணனோட எலக்ட்ரிக் கிதார் இருக்கு, அதிலேயே கீபோர்டு சத்தம் கொண்டுவந்துடறேன் என்று எழுந்து சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. பாட்டு டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. முடியும்னும் சொல்லல, முடியாதுன்னும் சொல்லல. தஞ்சை நால்வரில் கடைசித் தம்பி ஒரு வெள்ளைக்கார வாத்தியத்தை என்ன செய்தார் என்று படித்துவிட்டு வா, அப்புறம் பேசலாம் என்றார்.

படித்தேன். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்று நாலு பேர். அப்பா சுப்பராயன் நட்டுவனார். பெரிய கோயிலிலும் அரண்மனையிலும் பாட்டு, நாட்டியம் என்று ஊழியம் செய்த குடும்பம். பரதநாட்டிய அரங்கேற்றத்தில் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று வரிசையாக ஆடுகிறார்களே, அந்த வரிசையை ஒழுங்குபடுத்திக் கொடுத்தவர்கள் இந்த நாலு பேர்தான். இவர்களுக்குக் குரு யார் தெரியுமா? முத்துசுவாமி தீட்சிதர்! வடிவேலு பிறந்தது 1810-ல்.

அப்போது தஞ்சாவூரை ஆண்டவர் இரண்டாம் சரபோஜி மன்னர் (1798 முதல் 1832 வரை). நம்ம சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்தவர். அவர் அரண்மனையில் நாதஸ்வரம், வீணையோடு ஐரோப்பிய பேண்டு வாத்தியமும் ஒலித்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஃபிடில் மேல்தான் வடிவேலுவுக்கு ஒரு கண். வெளிநாட்டு இசை என்று அவர் குருவும் ஒதுக்கியவர் இல்லை. பேண்டு மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதி நோட்டுஸ்வரம் என்று தந்தவர் தீட்சிதர். அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதரும் சென்னைப் பக்கம் ஒரு ஐரோப்பியரிடம் ஃபிடில் கற்றவர். அதனால் வயலினை நம்ம சங்கீதத்துக்குக் கொண்டுவந்த புண்ணியத்தில் பாதி அவருக்குப் போகணும். தஞ்சாவூர்ப் பாசத்தில் அதை மறைக்கக் கூடாது.

சரி, ஃபிடிலை அப்படியே எடுத்து வாசித்தால் என்ன? அங்கேதான் விஷயம் இருக்கு. அவர்கள் வாசிப்பது நின்றுகொண்டு, தாடைக்குக் கீழே இடுக்கி. அப்படிச் செய்தால் இடது கை விரலும் ஓட்டணும், வாத்தியத்தையும் கொஞ்சம் தாங்கணும். நம்மவர்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். வயலினின் தலையை வலது கணுக்காலில் முட்டுக் கொடுத்து, மறுமுனையை மார்பில் சாய்த்தார்கள். இடது கைக்கு முழு விடுதலை! ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிக்கொண்டே போகலாம். கமகத்துக்கு உயிரே அந்த வழுக்கல்தான். சுருதியையும் மாற்றினார்கள். அவர்கள் முறையில் நாலு கம்பியும் நாலு வேறு ஸ்வரம். நம்ம முறையில் ஸ, ப, மறுபடி மேலே ஸ, ப. பாடுகிறவர் சுருதியோடு கம்பிகள் ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்றும் உண்டு. வீணையை மீட்டினால் நாதம் கொஞ்ச நேரத்தில் தேய்ந்துவிடும். பாடகரின் குரல் நீளமாக நிற்கும்போது கூடவே நிற்க அதால் முடியாது. வில்லால் தேய்த்தால் நாதம் நின்றுகொண்டே இருக்கும். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் கிதார் பிரச்சினையும் இதேதானே!

ஆனால் இவ்வளவு செய்தவருக்கு ஊரில் நிம்மதி இல்லை. அரண்மனையோடு சகோதரர்களுக்கு மனக்கசப்பு ஏற்பட்டு, அவர்கள் தஞ்சாவூரை விட்டே கிளம்பினார்கள் என்று சொல்கிறார்கள். பெரிய கோயில் நிழலில் வளர்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? எனக்கு ஹாஸ்டலுக்குப் போகச் சொன்னதுக்கே ரெண்டு நாள் சோறு இறங்கல. திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் மகாராஜா அவர்களை வரவேற்றார். வடிவேலுவைவிட மூன்று வயது சின்னவர், தாமே கீர்த்தனம் இயற்றும் ராஜா. சின்னையா மைசூர் சமஸ்தானத்துக்குப் போனார், பொன்னையாவும் சிவானந்தமும் தஞ்சாவூருக்கே திரும்பினார்கள். வடிவேலு அங்கேயே தங்கிவிட்டார். மோகினியாட்டத்தைச் சீர்படுத்தியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. 1834-ல் மகாராஜா அவருக்குப் பரிசாகக் கொடுத்தது, யானைத் தந்தத்தில் செய்த ஒரு வயலின்!

இவர் வாசிப்பைக் கேட்டுத் தியாகராஜ சுவாமிகளே மகிழ்ந்தார் என்றும், மகாராஜாவுக்காக அவரைத் திருவனந்தபுரத்துக்கு அழைக்கத் திருவையாறு போய் இவர் வாசித்தார் என்றும் ஒரு கதை உண்டு. சுவாமிகள் ஊரை விட்டு வரவில்லை. நாம் பஸ்ஸில் ஏறி வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று அஞ்சு பாலம் தாண்டி அரை மணியில் போகிற ஊர்தான். அவர் வயலினை எப்படித் தூக்கிப் போனாரோ.

நாற்பது வயதை எட்டும் முன்பே வடிவேலு இறந்துவிட்டார். தந்த வயலினைத் தஞ்சாவூர் மேல ராஜ வீதி வீட்டில் அவர் பரம்பரையினர் பாதுகாத்து வந்தார்கள். அந்தப் பரம்பரையில் வந்த கிட்டப்பா பிள்ளை (1913–1999) நால்வரின் உருப்படிகளைச் சேகரித்துப் புத்தகமாகவும் வெளியிட்டார். போன ஞாயிறு சைக்கிளில் அந்த வீதிக்குப் போய் வந்தேன். உள்ளே போகத் தைரியம் வரல.

இப்ப என் கிதாருக்கு வருகிறேன். ஜப்பானில் ரோலண்டு கம்பெனி 1977-லேயே ஜிஆர்-500 என்று ஒரு கிதார் சிந்தசைசர் கொண்டுவந்தது. ஆறு கம்பிக்கும் தனித்தனியாக பிக்கப் உண்டு. அதெல்லாம் நமக்கு எட்டாத உயரம். என்னிடம் இருந்தது அண்ணனின் பழைய ஆக்டேவ் பெடல் ஒன்று, கோரஸ் பெடல் ஒன்று. கிதாரைக் காட்டிக்கொடுப்பது முதலில் வரும் அந்த டங் என்ற தட்டல்தான். அதனால் வால்யூமைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுக் கம்பியைத் தட்டி, பிறகு சுண்டுவிரலால் மெல்லத் திருப்பி ஏற்றினேன். தட்டல் காணாமல் போச்சு, நாதம் மட்டும் ஊறி வந்தது! பிக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு நாலு விரலால் நாலு கம்பியை ஒரே நேரத்தில் இழுத்தேன். கீபோர்டில் கட்டைகள் சேர்ந்துதானே விழும்? ஆக்டேவ் பெடல் மேலும் கீழும் ஒரு ஸ்தாயி சேர்த்தது, கோரஸ் லேசாக அலையவிட்டது. அசல் ஆர்கன் மாதிரி!

டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். பின்னணிக்கு இது போதும் என்றார். ஆனால் அனுபல்லவியில் பெடலையெல்லாம் அணைத்துவிட்டுக் கம்பியை இழுத்து வாசிக்கச் சொன்னார். ரெண்டு நாள் ராத்திரி கஷ்டப்பட்டதை அணைக்கச் சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது? கட்டை நிலையாக இருப்பதால் கமகம் வராது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லித்தான் 1940-ல் ஆல் இந்தியா ரேடியோ ஹார்மோனியத்தையே தடை பண்ணியதாம். கீபோர்டு மாதிரி கேட்கணும் என்பதற்காக நானும் இழுவையே வராமல் விரலைக் கட்டி வைத்திருந்தேன்.

விழாவில் பல்லவிக்கு ஆர்கன், அனுபல்லவிக்கு வெறும் கம்பி. பல்லவியின்போது கீபோர்டு எங்கே என்று ரெண்டு பேர் மேடையில் தேடினார்களாம். அதில் ஒருத்தர் எங்க அம்மா.

— 10-ஆம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன்