கமரா ஏந்திக் கானகம் புகுந்த மா. கிருஷ்ணன்

கானகத்தை நாடிச் சென்ற மனிதர் பலராவர். தவஞ் செய்யச் சென்றோர் உளர். தேனும் கிழங்கும் தேடிச் சென்றோர் உளர். மரங்களை வீழ்த்தவும் மிருகங்களைக் கொல்லவும் சென்றோர் தொகையோ மிகப் பெரிது. நமது இலங்கைத் தீவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த மேஜர் றொஜர்ஸ் என்னும் பிரித்தானிய இராணுவ உத்தியோகத்தர், 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியதாகக் கூறுவர். அக்காலத்தில் அது வீரச்செயலெனப் போற்றப்பட்டது. 1845ஆம் ஆண்டில் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி அவர் மாண்டார்.

அத்தகைய வேட்டையாளர் நடந்த காட்டுத்தடங்களிலே, துப்பாக்கியை ஏந்தாது கமராவை ஏந்திச் சென்ற ஒரு தமிழரின் வரலாற்றையே இம்மலரில் எழுத முற்படுகின்றோம். மா. கிருஷ்ணன் என்னும் அப்பெருமகனார் நமது நாட்டினரல்லர். ஆயினும், ஒருபுறம் நக்கிள்ஸ் மலைத்தொடரும் மறுபுறம் வஸ்கமுவக் காடும் சூழ வாழும் மாத்தளை மாவட்டத்து இளைஞராகிய நாம் அவரை அறிந்திருத்தல் மிகவும் அவசியம்.

கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு யூன் மாதம் 30ஆந் திகதி திருநெல்வேலியிலே பிறந்தார். அவர்தம் தந்தையார் அ. மாதவையா. தமிழில் முதன்முதல் எழுந்த நாவல்களுள் ஒன்றாகிய பத்மாவதி சரித்திரத்தை 1898ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அவரே. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலே ஆங்கிலக் கல்வி பெற்று, அரசாங்க உத்தியோகம் வகித்தும், தமிழ்ப்பற்றைக் கைவிடாதவர் மாதவையா. 1925ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 22ஆந் திகதி, பட்டப்படிப்பிலே தமிழ் கட்டாய பாடமாதல் வேண்டுமெனச் சென்னைப் பல்கலைக்கழகச் செனற் சபையில் வாதாடிய அவர், அம்மண்டபத்திலேயே உயிர் நீத்தார். எட்டுப் பிள்ளைகளுட் கடைக்குட்டியாகிய கிருஷ்ணனுக்கு அப்பொழுது வயது பதின்மூன்று.

அக்குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வசித்தது. அந்நாளைய மயிலாப்பூர் இன்று போல் வீடுகள் நெருங்கிய இடமன்று. பற்றைக் காடுகளும் மரச்சோலைகளும் பல இருந்தன, பறவைகளுக்குக் குறைவில்லை, நரிகள் திரிந்தன, வெளிமான்களும் காணப்பட்டன. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளை ஒன்றைச் செல்லமாக வளர்த்தான். வனவிலங்குகளை அறிவதற்கு அவனுக்குக் கிடைத்த முதற் பள்ளிக்கூடம் வீட்டுப் புறக்கடையே எனலாம்.

இந்து உயர்நிலைப் பள்ளியிற் கற்றபின் அவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தார். ஆங்குத் தாவரவியற் பேராசிரியராக விளங்கியவர் பைசன் என்னும் ஆங்கிலேயர். அவர் மாணவரை அழைத்துக்கொண்டு நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குச் செடிகொடிகளை ஆராயச் செல்வதுண்டு. அப்பயணங்களிலே கிருஷ்ணனும் சென்றார். பேராசிரியரின் மனைவியாரிடம் நீர்வர்ணச் சித்திரம் தீட்டும் முறையைக் கற்றார். பூவையும் இலையையும் வரைவதற்கு அவற்றை உற்று நோக்குதல் வேண்டும். உற்று நோக்கப் பழகிய கண் பின்னர் கமராவிற்கும் பயன்பட்டது.

கலைமாணிப் பட்டமும், தாவரவியலில் முதுமாணிப் பட்டமும், சட்டப் பட்டமும் பெற்றபோதிலும் அவருக்குத் தக்க உத்தியோகம் எளிதிற் கிடைக்கவில்லை. பத்திரிகைகளுக்குக் கட்டுரைகள் எழுதியும் சித்திரங்கள் வரைந்தும் காலங் கழித்தார். 1937ஆம் ஆண்டில் இந்துமதி அம்மையாரை மணந்தார். 1942ஆம் ஆண்டில், இன்றைய கர்நாடக மாநிலத்தைச் சேர்ந்த சந்தூர் என்னும் சிறு சமஸ்தானத்திலே வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், மகாராசாவின் அரசியற் காரியதரிசி எனப் பல பதவிகளை ஆங்கு அவர் வகித்தார். ஓய்வு வேளைகளிலோ குன்றுகளிலும் காடுகளிலும் அலைந்தார். ஆடு மேய்த்துப் பார்த்தார். தூது செல்லும் புறாக்களை வளர்த்தார். காட்டின் இயல்பை நூல்களில் மாத்திரமன்றிக் காலால் நடந்தும் கண்டறிந்த காலம் அதுவே.

1949ஆம் ஆண்டிலே சந்தூர் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. கிருஷ்ணனுக்கு அப்பொழுது வயது முப்பத்தேழு. மூன்று பட்டங்கள் பெற்று, நிருவாக அனுபவமும் உடைய ஒருவர் மற்றோர் உத்தியோகத்தைத் தேடியிருத்தல் இயல்பே. அவரோ சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் புகைப்படத்தையுமே நம்பி வாழத் துணிந்தார். பட்டத்தைப் பெற்ற மறுநாளே அரசாங்க உத்தியோகத்திற்கு விண்ணப்பிக்க வேண்டுமென எண்ணும் நம் போன்ற மாணவருக்கு இத்துணிவின் கனம் நன்கு விளங்கும். மாதச் சம்பளமின்றி, தாம் நேசித்த தொழிலொன்றையே பற்றிக்கொண்டு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து காட்டினார் அவர்.

1950ஆம் ஆண்டு முதல் கல்கத்தாவிலிருந்து வெளிவரும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையிலே அவர் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதலானார். யானையையும் புலியையும் பற்றியே எழுதினாரென எவரும் எண்ணற்க. காகம், அணில், ஓணான், தெருவோரத்து மரம் ஆகியனவும் அவர் எழுத்திலே சமமான இடம் பெற்றன. தமிழிலும் எழுதினார். தம் கட்டுரைகளுக்குத் தாமே சித்திரமும் தீட்டினார். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்திற்குக் கட்டுரைகள் வழங்கினார். சங்க நூல்களிலும் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. அவருடைய தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரன் அவர்களாற் தொகுக்கப்பெற்று, மழைக்காலமும் குயிலோசையும் என்னும் பெயரில் நூலாக வெளிவந்துள்ளன.

இனி அவர்தம் புகைப்படக்கலையை நோக்குவோம். காட்டு விலங்குகளைப் படமெடுக்கும் முயற்சி இந்தியாவில் அவருக்கு முன்னரே தொடங்கியிருந்தது. சாம்பியன் என்னும் வன உத்தியோகத்தர், விலங்கின் கால் பட்டதும் கமரா இயங்குமாறு கம்பி கட்டி, இரவிலே புலிகளைப் படமெடுத்து, 1927ஆம் ஆண்டில் நூலொன்றை வெளியிட்டார். கிருஷ்ணனோ பெரும்பாலும் விலங்கின் எதிரே தாமே சென்றார். முதுமலை போன்ற காடுகளிற் பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்தும், பல வேளைகளிற் கால்நடையாகவும் திரிந்தார். பல கமராக்களின் உறுப்புகளை ஒன்றிணைத்துத் தாமே அமைத்த பாரமான கருவியொன்றை அவர் பயன்படுத்தினார். அதற்கு சூப்பர் பொண்டரோசா என நகைச்சுவையாகப் பெயருமிட்டிருந்தார். வர்ணப் படங்கள் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளைப் படங்களையே அவர் விரும்பினார். விலங்கை அழகுபடுத்திக் காட்டுதல் அவர் நோக்கமன்று. அது தன் இருப்பிடத்திலே எவ்வாறு நிற்கின்றது, எவ்வாறு உண்கின்றது, தன் இனத்தோடு எவ்வாறு பழகுகின்றது என்பதற்குச் சான்று தேடுவதே அவர் நோக்கமாகும்.

1968ஆம் ஆண்டில் ஜவஹர்லால் நேரு ஆய்வு விருது அவருக்குக் கிடைத்தது. அதன் துணையுடன் தென்னிந்தியக் காடுகளிலே பெரிய பாலூட்டி விலங்குகளின் நிலையை ஆராய்ந்தார். அந்த ஆய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சஞ்சிகையிலே தொடராக வெளிவந்து, 1975ஆம் ஆண்டில் நூலுருப் பெற்றது. 1970ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருதளித்தது. இந்திய வனவிலங்குச் சபையிலே அங்கத்தவராக இருந்தார். 1973ஆம் ஆண்டில் புலிகளைக் காக்கும் திட்டம் உருவாகியபோது அதனை நெறிப்படுத்திய குழுவிலும் இடம்பெற்றார்.

பதவியிருக்கும் சபைகளிலே பிறர் விரும்புவதைப் பேசி அமைதி காப்போர் பலர். கிருஷ்ணன் அத்தகையவரல்லர். காட்டைக் காப்பதாவது புலியையோ யானையையோ மாத்திரம் காப்பதன்று. மண், நீர், புல், மரம், பூச்சி, பறவை, விலங்கு யாவற்றையும் அவை இயல்பாக அமைந்தவாறே காப்பதாகும் என்பது அவர்தம் கொள்கை. ஆதலின், இயற்கைக் காட்டை அழித்து யூக்கலிப்டஸ் முதலிய அந்நிய மரங்களை நட்டு, அதனையும் காடு வளர்ப்பெனக் கூறுவதை அவர் கண்டித்தார். மரங்கள் வரிசையாக நின்றால் மாத்திரம் அது காடாகாது. மானுக்குப் புல்லும், பறவைக்குக் கனியும் இல்லாத இடத்தைக் காடென எவ்வாறு அழைப்பது? மலைநாட்டிலே பிறந்து, மொட்டையான புல்மலைகளில் யூக்கலிப்டஸும் பைனசும் ஓங்கி நிற்பதைக் கண்டு வளர்ந்த நாம் இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

1995ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் அமைப்பு, உலகளாவிய ஐந்நூற்றுவர் கௌரவப் பட்டியலிலே அவர் பெயரைச் சேர்த்தது. 1996ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 18ஆந் திகதி, எண்பத்து மூன்றாம் வயதில், சென்னையிலே அவர் காலமானார். அன்றும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் அவருடைய கட்டுரை வெளிவந்திருந்தது. இறுதி நாள்வரை பேனாவைக் கீழே வைக்காத வாழ்வு அது.

இப்பெரியாரின் வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? நமது முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து, மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கிய காட்டுப் பாதையிலே நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியில் மாண்டோர் மிகப் பலர். உயிர் தப்பியோர் கோப்பிக்காகவும் தேயிலைக்காகவும் பிறர் கட்டளைப்படி மலைக்காடுகளை வெட்டினர். அவர்கள் கையால் வெட்டினாலும் இலாபம் அவர்களுக்குரியதாயிருக்கவில்லை. எஞ்சிய காட்டின் பெறுமதியை அவர்தம் பேரப்பிள்ளைகளாகிய நாம் உணர்வது அம்முன்னோர்க்குச் செய்யும் கடனுமாகும்.

எஞ்சியது சிறிதன்று. 1938ஆம் ஆண்டில் ஒதுக்கிடமாகவும், 1984ஆம் ஆண்டில் தேசிய வனமாகவும் பிரகடனம் செய்யப்பெற்ற வஸ்கமுவ, மாத்தளை, பொலன்னறுவை மாவட்டங்களிலே பரந்துள்ளது. நக்கிள்ஸ் மலைக்காடு 2010ஆம் ஆண்டில் இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு கூறாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டது. எனினும், துயரமும் சிறிதன்று. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் இந்நாட்டிலே 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. 100க்கு மேற்பட்ட மனிதரும் யானைகளால் உயிரிழந்தனர். பயிரை இழந்த விவசாயியின் கண்ணீரும் உண்மை; மின்கம்பியில் அகப்பட்டு மாளும் யானையின் வேதனையும் உண்மை. 2020ஆம் ஆண்டு மே மாதத்திலே நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியில் அகப்பட்டுப் பின்னர் இறந்ததையும் நாம் மறத்தலாகாது. பன்றிக்கு வைக்கும் கண்ணி பன்றியென்றும் சிறுத்தையென்றும் அறியாது.

இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கமரா உண்டு. விடுமுறை வந்தால் நண்பர் கூடி றிவஸ்டனுக்கும் சிகிரியாவுக்கும் செல்கின்றோம். ஆயின், வீதியோரத்து யானைக்குப் பழம் வீசி அருகழைத்துப் படமெடுப்பதும், பொலிதீன் பைகளை ஓடைக்கரையில் விட்டு வருவதும் கிருஷ்ணன் காட்டிய நெறியாகா. பழம் பெற்றுப் பழகிய யானை நாளை வாகனத்தை மறிக்கும்; மறித்த யானையை மனிதன் பகையெனக் கொள்வான். நாம் எடுத்த ஒரு படத்தின் விலையை அந்த யானை செலுத்த நேரிடும்.

ஆனைமுகனை முதலில் வணங்கியே எக்கருமத்தையும் தொடங்கும் சமயத்தவர் நாம். கோயிலிலே அம்முகத்துக்கு அறுகம்புல் சாத்தும் கை, காட்டிலே அம்முகத்தையுடைய உயிருக்குத் தீங்கு செய்யலாகாது. தூரத்தே நின்று பார்த்தல், பார்த்ததைக் குறித்துவைத்தல், கண்ணி கண்டால் வனசீவராசிகள் உத்தியோகத்தருக்கு அறிவித்தல், சென்ற இடத்தைச் சென்றபோது இருந்தவாறே விட்டு வருதல் ஆகிய இவை பெரும் பொருள் வேண்டும் காரியங்களல்ல. நம் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் இந்நான்கையும் கடைப்பிடிப்பின், மாத்தளையின் காடுகளுக்கு அது பெருங்காவலாகும்.

வாழ்க கானகம்! வளர்க உயிர்க்குலம்!