வழுதாவூர் கடலைப் படித்த ஸ்டோலிச்கா: யார் இவர்?

புதுச்சேரியை ஒட்டிய வழுதாவூர் பக்கம் போனால் இன்று கண்ணில் படுவது வயல்கள்தான். சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல்! மண்ணுக்குள் இருக்கும் அம்மோனைட், சிப்பிப் புதைபடிவங்களே சாட்சி.

1840-களில் ஆங்கிலேயர் சிலர் இவற்றைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். ஆனா, முழுசா உட்கார்ந்து வகைப்படுத்தியவர் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1838-ல், இன்றைய செக் குடியரசில் உள்ள மொராவியாவில் பிறந்தார். வியன்னாவில் படித்துவிட்டு, 24 வயசில் கல்கத்தா வந்து இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார்.

திருச்சி, அரியலூர், புதுச்சேரி பகுதிகளில் ஹென்றி பிளான்ஃபோர்டு குழுவினர் திரட்டிய கற்கள் அவர் மேசைக்கு வந்தன. அம்மோனைட், நத்தை, சிப்பி, பவளம் என ஒவ்வொன்றாகப் படம் போட்டு, பெயர் வைத்து, விவரித்து முடிக்க 1873 ஆகிவிட்டது. தென்னிந்திய கிரெட்டேசியஸ் பாறைகளை ஆராய்பவர்கள் இன்றும் அந்தத் தொகுதிகளைத் தள்ளிவைக்க முடியாது.

மேசையோடு இருந்திருந்தால் இன்னும் பல வருஷம் வாழ்ந்திருப்பாரோ என்னவோ. இமயமலை அவரை விடவில்லை. 1864-லேயே ஸ்பிதி போய் வந்தவர், 1873-ல் யார்க்கண்ட் தூதுக்குழுவோடு கிளம்பினார். திரும்பும் வழியில் காரகோரம் கணவாயைத் தாண்டியதும் உடல்நிலை மோசமானது. 1874 ஜூன் 19 அன்று லடாக்கின் முர்கோவில் இறந்தார். வயசு 36. லே நகரில் புதைத்தார்கள். அந்தப் பயணத்தில் அவர் சேர்த்தவற்றை வகைப்படுத்தி நூல்களாக வெளியிட்டவர்கள் மற்றவர்கள்தான்.