வண்டி ஓடணும்: டி.வி. சுந்தரம் ஐயங்கார்

மலருக்குக் கட்டுரை வேணும் என்று ஜூனியர் தம்பிகள் போன் செய்தபோது, நம் கல்லூரி பஸ்ஸைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். ஒரு நிமிஷம் லேட் ஆனாலும் விட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் பூந்தமல்லியில் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடித்து, தொங்கிக்கொண்டே பென்னலூர் வந்து சேரணும். அதை யோசிக்கப் போய், பஸ் விட்டே பெரிய ஆளான ஒருவரிடம் மனசு போய் நின்றது.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1877 இல் நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் பிறந்தவர். அப்பாவின் ஆசைக்காக வக்கீல் ஆனார். பிறகு ரயில்வே, அப்புறம் பேங்க் வேலை. எதிலும் மனசு ஒட்டவில்லை. 1911 இல் மதுரையில் தன் பெயரிலேயே கம்பெனி ஆரம்பித்தார், அடுத்த வருஷம் பஸ் விட்டார். முப்பதுகளின் நடுவில் இருந்தார் அப்போது. நம் செட்டில் பலருக்கு இப்போது நடக்கிற வயசுதான்.

டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தில் மணி திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இது வெறும் பெருமைப் பேச்சு இல்லை. சந்தைக்குக் கூடை ஏற்றுகிற வியாபாரிக்கு பஸ் ஒரு மணி நேரம் தாமதம் என்றால் அன்றைய வியாபாரமே போச்சு. வண்டி நேரத்துக்குப் போகணும் என்றால் வழியில் நிற்கக்கூடாது. நிற்கக்கூடாது என்றால் நல்ல ஒர்க்‌ஷாப் வேணும், உதிரி பாகம் கையில் இருக்கணும். அன்றைக்கு வண்டியும் சரி, பாகமும் சரி, கப்பலில் வரவேண்டிய காலம்.

இந்த இடத்தில் என் கதையைக் கொஞ்சம் சொல்லியாகணும். படிப்பு முடித்து ஒரு கம்ப்ரஸர் கம்பெனியில் சேல்ஸ் இன்ஜினீயராகச் சேர்ந்தேன். என் முதல் ஆர்டர் திருமுடிவாக்கத்தில் ஒரு சின்னப் பட்டறை. மூணு லேத், ஒரு மில்லிங் மெஷின், அவ்வளவுதான். டிஸ்கவுன்ட், டைரி, காலண்டர் என்று எல்லாம் கொடுத்துப் பிடித்த கஸ்டமர். எட்டாம் மாசம் வால்வ் போனது. எங்களிடம் ஸ்டாக் இல்லை. பாகம் வர ஒன்பது நாள் ஆச்சு. பெரிய ஃபேக்டரி என்றால் இன்னொரு கம்ப்ரஸரை ஓட்டிச் சமாளிப்பார்கள். அவரிடம் இருந்ததே ஒண்ணு. ஓனர் திட்டக்கூட இல்லை. அப்புறம் போன் செய்யவே இல்லை, அவ்வளவுதான்.

ஐயங்காரின் வாழ்க்கையை நான் படித்தது அதற்குப் பிறகுதான். அவர் பஸ் முதலாளியாக இருந்துகொண்டே மற்ற வண்டிக்காரர்களுக்கும் விற்றவர். ஒரே ஒரு லாரி வைத்திருப்பவனுக்கு அது நின்றால் அடுப்பும் நிற்கும் என்பது அவருக்குச் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் இல்லை என்றே நினைக்கிறேன். அவர் தொடங்கியவற்றை வரிசையாகப் பார்த்தால் இது புரியும். வண்டி விற்க சுந்தரம் மோட்டார்ஸ். உதிரி பாகத்துக்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். தேய்ந்த டயருக்கு மேல்பட்டை ஒட்டிக் கொடுக்க ஒரு தொழிற்சாலை. புது டயர் வாங்கக் காசில்லாதவனும் இன்னும் சில மாசம் ஓட்டலாம். 1950களில் சுந்தரம் மோட்டார்ஸ் ஜெனரல் மோட்டார்ஸின் மிகப் பெரிய விநியோகஸ்தராக இருந்தது. வண்டி விற்றதோடு கணக்கை முடித்திருந்தால் அந்த உயரம் வந்திருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது கரி கேஸ் கதை. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன். ஊர் ஊராக வண்டிகள் நின்றன. ஐயங்கார் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற கருவியை உருவாக்கி விற்றார். டிரம் மாதிரி ஒரு உலையில் அடுப்புக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் இல்லாமலே ஓடும். சக்தி குறையும், மேடு ஏறத் திணறும், வடிகட்டி சரியில்லை என்றால் சிலிண்டர் தேயும். இருந்தாலும் வண்டி ஓடும். விற்க புது வண்டியே கிடைக்காத நாளில், இருக்கிற வண்டிக்காரர்களின் தொழில் படுத்துவிடாமல் பார்த்துக்கொண்டார். மெக்கானிக்கல் தம்பிகள் இதை ஃபைனல் இயர் பிராஜெக்ட்டாகவே செய்து பார்க்கலாம்.

1954 இல் மகன் டி.எஸ். சந்தானம் 2 லட்ச ரூபாய் மூலதனத்தில் சுந்தரம் ஃபைனான்ஸ் தொடங்கி, லாரி, பஸ் வாங்குகிறவர்களுக்குத் தவணையில் கடன் கொடுத்தார். அடுத்த வருஷம், 1955 ஏப்ரல் 28 இல், ஐயங்கார் கொடைக்கானலில் காலமானார். மகள் டாக்டர் சௌந்தரம் காந்திகிராமம் கண்ட கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

இப்போது என் கார் டிக்கியில் எப்போதும் நாலு வால்வ் செட் கிடக்கிறது. ஆடிட்டில் கேள்வி கேட்பார்கள், கேட்கட்டும். ஒரகடம் பக்கம் புதுசாக ஆறு பட்டறைகள் கிடைத்திருக்கின்றன. திருமுடிவாக்கம் ஓனர் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை. போன தீபாவளிக்கு வாழ்த்து அனுப்பியிருந்தார்.